உன் சத்தத்துக்கு மேளம் வேண்டாம்

மதி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சார்ஜ் இல்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சார்ஜ் நிறையவே இருந்தது. பேச வாய் வரவில்லை, வந்திருந்தாலும் நல்ல வார்த்தை வந்திருக்காது. "எம்மா, கல்யாணத்தன்னிக்கு மட்டும் அந்தப் பழைய மாத்திரைய போட்டுக்கறேன். பொண்ணு வூட்டுல ஆசப்படறாங்க. ஒரு நாளு சத்தம் வராம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாய்! சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாய். எல்லாருக்கும் என்றால் யாருக்குடா? எனக்கா? உன் அப்பாவுக்கா? கட்டிக்கொள்ளப் போகிற கயல்விழிக்கா? அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

நேரில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை போகிற வீட்டுக்கெல்லாம் பத்திரிகையோடு இந்தக் காகிதமும் போகும். டிவியில் ஜெயித்த பையன் என்று ஊரே உன்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறது, பெற்றவள் பேசுவதையும் ஒரு தடவை படிக்கட்டும். அச்சடிக்கிற கடைக்காரர், "எதுக்கும்மா இதெல்லாம், நல்ல காரியத்துல?" என்றார். "கல்யாணம் உங்க வூட்டுலயா, எங்க வூட்டுலயா?" என்று கேட்டேன். "சரி, எழுதி முடிச்சதும் கொண்டாங்க" என்றார்.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் நடுவில் எங்காவது நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்னைச் சரியாக வளர்க்காமல் போனேன், மன்னித்துவிடு என்று எழுதுவார்கள். அந்த வரியைத் தேடி நீ இதைப் புரட்டினால் கிடைக்காது. உன்னை நான் சரியாகத்தான் வளர்த்தேன். பொருளை உடைத்தால் மன்னிப்புக் கேள், பொய் சொன்னால் கேள், உன் உடம்பு தானாகச் செய்கிறதற்கு மட்டும் எவனிடமும் கேட்காதே என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லி வளர்த்தேன். இப்போது மணவறையில் ஊமையாக உட்காருகிறேன் என்கிறாயே, அதுவும் மன்னிப்புக் கேட்பதுதான். வாயால் கேட்காமல் மாத்திரையால் கேட்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் அதுதான்.

முதலில் வந்தது கண் சிமிட்டல். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. பிறகு தோள் குலுங்கியது, கழுத்து வெட்டி இழுத்தது, தொண்டையிலிருந்து நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போனபோது அந்த வார்த்தையும் வந்து சேர்ந்துகொண்டது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு போகிற காகிதம் இது. தெரியாதவர்கள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இடம் பிடிக்கிற சண்டையில் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஊரில் பெரியவர்கள் சொன்னால் கோபம், என் பிள்ளை சொன்னால் வளர்ப்பு! "அப்பன் வூட்டுல பேசறததான் புள்ள பேசுது" என்றார்கள். யாரை? உன் அப்பாவை! குடத்தை இடறிவிட்டால் குடத்துக்கு வலித்திருக்குமோ என்று குனிந்து பார்க்கிற மனுஷன். பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பக்கத்தில் அத்தனை வெக்கையில் நின்றுவிட்டு வந்தும் ஒருத்தரை "ஏய்" என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர் தட்டில் கையே வைக்கவில்லை. எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. சண்டை போடத் தெம்பு வேண்டாமா?

எதிர்வீட்டு வசந்தா செய்ததை நீ டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். உனக்கு அது முழுசாகத் தெரியாது. அவள் வாசலில் கோலம் போடுகிற நேரத்துக்குத்தான் நீ ஸ்கூலுக்குக் கிளம்புவாய். அவளைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரும். இவர்கள் முன்னால் வரக்கூடாது என்று நினைத்தால்தான் அது முந்திக்கொண்டு வரும் என்பதை அவளுக்கு யார் சொல்வது? தன்னைத்தான் திட்டுகிறாய் என்று முடிவு கட்டிக்கொண்டு, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் உன் மேல் பிராது கட்டிவிட்டாள். பாகத் தகராறு, ஆடு திருட்டு, வாக்குத் தவறினது என்று நம் பக்கத்தில் சாமியிடம் காகிதத்தில் எழுதிப் புகார் கட்டுவது வழக்கம்தான். ஸ்கூல் பையன் மேல் கட்டினவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "இந்தப் பையன் தினமும் என்னை அசிங்கமாகப் பேசுகிறான், முருகா, நீயே கேளு" என்று எழுதினதைத் தெருவெல்லாம் சொல்லியும் காட்டினாள். கொளஞ்சியப்பர் பிராது என்றால் விளையாட்டா? தெருவில் உன்னோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, உன்னை இழுத்துக்கொண்டு நானும் அதே கோயிலுக்குப் போனேன். காகிதம் வாங்கி நானும் எழுதினேன். சாமி, இவன் வேண்டுமென்று சொல்லவில்லை, உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நீதான் தெரியவைக்க வேண்டும், அதுவரைக்கும் இவனை நானும் அடிக்க மாட்டேன், யாரையும் அடிக்க விடமாட்டேன் என்று எழுதினேன். அதைக் கையில் வாங்கின குருக்கள் திரும்பும்போது, சந்நிதிக்கு நேராக நின்று நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். கோயிலே திரும்பிப் பார்த்தது. "கேட்டுதுங்களா சாமி? இதத்தான் எழுதியிருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நீ ஜெயித்த வாரம் வசந்தா வந்தாள். "அக்கா, அந்தப் பிராத ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டேன்" என்றாள். கட்டின பிராதைத் திரும்ப வாங்குவதற்கு அப்படித்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் அது என் பிள்ளை மேல் தொங்கிக்கொண்டிருந்ததா என்று வயிறு எரிந்தது. ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தேன்.

இதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. டூரெட். தும்மல் மாதிரிதான், அடக்கினால் கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் சேர்த்துவைத்து வரும் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். பேய் இல்லை, திமிர் இல்லை, வளர்ப்பு இல்லை. திரும்பி வரும்போது கடலூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதேன், அதற்கப்புறம் பசித்தது, இறங்கி இட்லி வாங்கித் தின்றோம். மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மாத்திரை தின்ற வருஷத்தை நீ மறந்துவிட்டாய், இல்லாவிட்டால் இவ்வளவு சுலபமாகப் பேசமாட்டாய். சத்தம் குறைந்தது உண்மைதான். கூடவே நீயும் குறைந்துபோனாய். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்குவாய். வாயோரம் எச்சில் ஒழுகும். விளையாடக் கூப்பிட வந்த பையனைப் பார்த்து, யார் நீ என்பது போல விழித்தாய். தெருவோ, "இப்பத்தான் புள்ள அடக்கமா இருக்குது" என்று மெச்சியது. அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி போனபோது டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். "அந்தச் சத்தம் யாருக்கும்மா கஷ்டமா இருக்கு? அவனுக்கா, உங்களுக்கா?" நான் உன்னைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. மத்தவங்களுக்குத்தான்" என்றாய், தூக்கக் கலக்கத்திலேயே. அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். வெட்டி வெட்டி இழுத்தே கழுத்து சுளுக்கி வலியில் துடிக்கிற பிள்ளைகளை அந்த ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது மருந்து, போட்டுக்கொள்ளட்டும், நன்றாக இருக்கட்டும். உனக்கு வலித்தால் நானே தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பேன். பெண்ணாடத்தில் இருக்கிற பெண் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காது வலிக்கும் என்று நீ எதற்காக மாத்திரை தின்ன வேண்டும்?

பன்னிரண்டாவது முடித்த லீவில் நீ பீங்கான் கம்பெனிக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தவர்கள்தான், மறந்திருந்தால் நினைத்துப் பார்க்கட்டும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைச் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. உன் தோள் ஒரு குலுக்குக் குலுக்கினால் பலகையோடு பொம்மை போய்விடும் என்று உன்னை எல்லாரும் தள்ளியே நிற்கவைத்தார்கள். கொலு நேரத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டும், கண் எழுத ஆள் போதவில்லை. யாரும் தடுப்பதற்குள் பிரஷ்ஷை எடுத்து ஒரு பிள்ளையாருக்கு நீ கண் எழுதிவிட்டாய். கை இம்மிகூட ஆடவில்லை. நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைத்ததும், அதுவரைக்கும் அடங்கிக் கிடந்த வார்த்தை பிள்ளையார் முகத்துக்கு நேராகப் போனது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு வேலையும் ஆக வேண்டும், பாவமும் ஒட்டக்கூடாது. ரொம்ப யோசித்துவிட்டு, "சாமிங்களுக்கு மட்டும் வேணாம்மா. போலீசு, கொரங்கு, கிரிக்கெட் செட்டு, இதுக்கெல்லாம் தம்பி கண்ணு எழுதட்டும்" என்றார். "போலீச திட்டினா மட்டும் பரவால்லியா மொதலாளி?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்த வருஷம் நம் ஊரிலிருந்து போன போலீஸ் பொம்மையெல்லாம் கொஞ்சம் மிரண்டுதான் போயிருக்கும்.

நீ மைக்கைப் பிடித்ததும் அதே லீவில்தான். நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. வர்ணனை பண்ண வேண்டியவர் வரவில்லை என்று உன்னை ஏற்றிவிட்டார்கள். முதல் தடவை அந்த வார்த்தை ஸ்பீக்கரில் வந்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ நிறுத்தவில்லை. ரெய்டு போகிறவனுக்குக்கூட அவ்வளவு மூச்சு இருக்காது, அப்படிப் பேசினாய். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது, எல்லாரும் ஆட்டத்தையும் உன் பேச்சையும்தான் கவனித்தார்கள். யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி, சில வருஷம் கழித்து டிவிக்காரர்களை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு வீட்டுக்குள் ஆட்களைப் பூட்டிவைத்து, ஜனங்களை ஓட்டுப் போடச் சொல்லி, வாரத்துக்கு ஒருத்தரை வெளியே அனுப்புகிற நிகழ்ச்சி. "உங்க பையனோட பிரச்சினைய மக்கள்கிட்ட கொண்டு போறோம்மா" என்றார் வந்தவர். "பிரச்சினைய கொண்டு போங்க. புள்ளைய வுட்டுட்டுப் போங்க" என்றேன். நீதான் போகிறேன் என்று நின்றாய்.

அந்த வீட்டில் முதல் வாரமே ஒருத்தர் உன் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று கட்டிலை இழுத்துக்கொண்டு போனார். இன்னொரு அம்மா, "இது நடிப்பு, ஓட்டுக்காகப் பண்றான்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதெல்லாம் பழகினதுதான். பழகாதது அந்தப் பீப். நீ அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் டிவியில் ஒரு பீப் போட்டார்கள். நம் வீட்டில் இத்தனை வருஷம் அது பீப் இல்லாமல்தான் கேட்டது, இருமல் மாதிரி, மிக்ஸி சத்தம் மாதிரி. பீப் போட்ட பிறகுதான் அது கெட்ட வார்த்தை என்றே எனக்கு உறைத்தது. தெருப் பிள்ளைகள் உனக்குப் பீப்பு என்று பேர் வைத்தார்கள். பீப்பு அண்ணன் எப்ப வருவாரு என்று என்னிடமே கேட்டார்கள்.

அப்புறம் அந்த மௌனப் போட்டி. மணி அடிக்கிற வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் எல்லாருக்கும் அந்த வாரத்து மளிகை கிடையாது என்று வைத்தார்கள். யாரைக் குறிவைத்து வைத்தார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ எவ்வளவு அடக்கினாய் என்று எனக்குத்தான் தெரியும், கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கடைசியில் குரைப்பும் வார்த்தையும் சேர்ந்து வந்தன. எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு, மன்னிப்புக் கேள், கேட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். நீ சொன்னாய்: "மன்னிப்பு கேக்க மாட்டேங்க. தும்மினதுக்கு நீங்க யாராவது கேட்டிருக்கீங்களா? மளிக போனது கஷ்டம்தான். என் சாப்பாட்டயும் எடுத்துக்குங்க. மன்னிப்பு மட்டும் கெடயாது." உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "என் புள்ளடா!" என்று கத்தினார். அவருக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். அழுததற்கு விழுந்த ஓட்டு இல்லை அது, பாவம் பார்த்து விழுந்ததும் இல்லை.

ஜெயித்துவிட்டு நீ ஊருக்குள் வந்தபோது, பரீட்சை எழுத உன்னைத் தனியாக வராண்டாவில் உட்காரவைத்த ஸ்கூல், எங்கள் பள்ளியின் பெருமை என்று பேனர் வைத்திருந்தது. துணிக்கடை திறக்கக் கூப்பிட்டார்கள். ரிப்பனை வெட்டினதும், "சார், ஒரே ஒரு தடவ கத்துங்க சார், வீடியோ எடுத்துக்கறோம்" என்று கேட்டார்கள். ஒரு சினிமாவில் ஹீரோவுக்குப் பின்னால் நின்று குரைக்கச் சொன்னார்கள். ஒன்றில் செய்தாய், அடுத்ததற்கு மாட்டேன் என்றுவிட்டாய். அதற்கப்புறம் கொஞ்ச காலம் சென்னையில் அந்த ரூமில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஜெயித்தவனை யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிடு என்று உன் அப்பா சொன்னபோதுகூட வரவில்லை. கபடி லீக்குக்குத் தமிழில் வர்ணனை பண்ண ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, கூப்பிடாமலேயே போய் நின்றாய். நேரலையில் இவனை எப்படி விடுவது என்று பயந்தார்கள். "ஆட்டம் புரியுதான்னு பாருங்க, அது போதும்" என்று சொல்லி வேலையை வாங்கினாய். அங்கேதான் அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோவாகக் கயல் இருந்தாள். இதையெல்லாம் நீயே செய்தாய், மாத்திரை செய்யவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கயலின் அப்பாவும் பெரியப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா தங்கமான மனுஷர், பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர், உனக்கு ஓட்டுப் போட்டதாக என்னிடம் சொன்னவர். டீ டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. தாலி கட்டற நேரத்துல அந்த வார்த்த வந்துடுச்சின்னா ஊரு அபசகுனம்னு சொல்லும். நாளைக்கு எங்க பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட அதாலதான்னு பேசுவாங்க." அவர் பயம் எனக்குப் புரிந்தது. பெரியப்பாவோ வழியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "டிவில பீப்பு போட்டாங்கல்ல? அத மாரி மேளத்த போட்டுடலாங்க. மாப்ள மணவறைல வந்து உக்காந்ததுலேந்து எந்திரிக்கற வரைக்கும் கெட்டிமேளம். ஒரு சொல்லு வெளிய கேக்காது." எதையோ புதுசாகக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "அப்ப ஐயரு சொல்ற மந்திரமும் கேக்காதுங்களே?" என்றேன். "அது யாருக்குங்க புரியிது?" என்றார். நான் முடியாது என்று சொன்னேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "அப்ப மாத்திரைக்காவது ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உனக்கே போன் போட்டிருக்கிறார். நீயும் பெரிய மனுஷன் மாதிரி சரி என்று சொல்லியிருக்கிறாய்.

பெரியப்பாவும் இதைப் படிப்பார், அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தாலி ஏறும்போது கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள்? யாரோ தும்முவார்கள், யாரோ இருமுவார்கள். பந்தி எப்போது என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்துவார். எவனுடைய செல்போனோ அந்த நேரம் பார்த்து அலறும். பங்காளிகள் இரண்டு பேர் பழைய வரப்புச் சண்டையை அங்கேதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் இதில் எதுவும் காதில் விழவேண்டாம் என்றுதான் மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னார்கள். உன் ஒருத்தன் வாயை நம்பாமல் வந்த மேளம் இல்லை அது, ஊரில் ஒருத்தர் வாயையும் நம்பாமல் வந்தது. அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு, எல்லாருக்கும் உள்ள அதே பங்கு. உனக்கென்று தனியாக ஒரு மேளம் அடித்தால் அது கெட்டிமேளம் இல்லை, பீப். உன் அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தவில்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "ஐயரு வெரல காட்டினா அடிப்பேன், நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன். முழுநேரமும் அடிக்க நான் என்னா கரண்டு மிஷினா?" என்றாராம் அவர். அதைச் சொல்லும்போது உன் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்று மத்தியானம் கயல் வந்தாள். சென்னையிலிருந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தாள், இன்னும் பெண்ணாடம் போகவில்லை. நீ மாத்திரைக்குச் சம்மதித்ததை அவள் பெரியப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டாளாம். முகம் சிவந்திருந்தது. "அத்த, அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. தாலி கட்டும்போது அவரு முழிச்சிட்டு இருக்கணும். தூங்கி வழிஞ்சிகிட்டே ஒருத்தரு கட்டினா, எனக்கு அது என்னா கல்யாணம்?" என்றாள். அழவில்லை, கோபத்தில் இருந்தாள். அவள் வீட்டில் அவளை ஏதாவது சொல்வார்களே என்று கேட்டேன். "சொல்லட்டும் அத்த. அவரு கத்தறத நான் தெனமும் கேக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள். இரண்டு தோசை கூடுதலாகவே ஊற்றிக் கொடுத்தேன். இவளுக்குப் பயந்துகொண்டா, இவளுக்காகவா நீ மாத்திரை தின்னப் பார்த்தாய்? இதைப் படித்ததும் போன் போட்டு அவளிடம் பேசு. அவளிடம் நீ மன்னிப்புக் கேட்கலாம், அவளைக் கேட்காமல் முடிவு எடுத்தது உன் உடம்பு இல்லை, நீ.

ஆக, மாத்திரை கிடையாது. மேளம் எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான், ஐயர் விரலைக் காட்டும்போது தொடங்கும், முடிச்சு விழுந்ததும் நிற்கும். பத்திரிகை கிடைத்தவர்களில் யாருக்காவது காது கூசுமென்றால் அவர்கள் முகூர்த்தத்துக்கு வரவேண்டாம், நேராகப் பந்திக்கு வாருங்கள், இலை போட்டு வைக்கிறோம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போங்கள், எங்களுக்கு வருத்தமே இல்லை. மதி, நீ மட்டும் ஒன்று செய். தலையைக் குனிந்து உட்காராதே. யார் என்ன நினைப்பார்கள் என்று கூட்டத்தைத் தேடாதே, கயலைப் பார்த்துக் கட்டு.

மேளச் சத்தத்தில் எல்லாரும் அட்சதை போடுவார்கள். நான் போடமாட்டேன். என் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு முன்னால் நிற்பேன். மேளம் நிற்கும், மண்டபம் ஒரு நிமிஷம் அடங்கும், அவ்வளவு நேரம் நீ அடக்கிவைத்திருந்தது அப்போது வரும். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். கேட்கட்டும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் நான் அட்சதை போடுவேன்.

அம்மா